தோட்டத்து ரோடும் பொதுப் பாதைதான்: மலையகப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களே, உறுப்பினர்களே,

நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய ஆறு பிரதேச சபைகளுக்கும், பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்டங்களைத் தம் எல்லைக்குள் வைத்திருக்கும் மற்றச் சபைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். 2025 மே மாதத் தேர்தலில் எங்கள் வாக்குகளைப் பெற்று வந்தவர்கள் நீங்கள். உங்களில் பலர் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை இன்னும் சில வாரங்களில் சபையில் முன்வைக்கப் போகிறீர்கள்.

எங்கள் டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தின் உட்பிரிவுக்கு, போகும் பாதையைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டு வருகிறவர்களுக்கு உங்கள் அலுவலகங்களில் இன்றைக்கும் கிடைக்கிற பதில், "அது தோட்டத்து ரோடு, சபைப் பணத்தை அங்கே போட முடியாது" என்பதுதான். தோட்ட அலுவலகத்துக்குப் போனால், "கொழுந்து லொறி போகிற ரோடுதான் கம்பனி பொறுப்பு, லயத்துக்குப் போகிறதை பிரதேச சபையில் கேளுங்கள்" என்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிரதான வீதியிலிருந்து தொழிற்சாலை வரைக்கும் தார் இருக்கிறது. தொழிற்சாலையைத் தாண்டியதும் தார் நின்று, யாரோ ஒரு காலத்தில் பதித்த கருங்கல் தொடங்குகிறது. மழை அடித்துக் கொண்டுபோன இடங்களில் கல்லும் இல்லை, பள்ளம்தான். மேல் டிவிஷனுக்கு ஆட்டோக்காரர்கள் பாதித் தூரம்தான் வருவார்கள். சென்ற மழைக்காலத்தில் பிரசவ வலி எடுத்த ஒரு பிள்ளையைக் கம்பளியில் கட்டி நாலு பேர் அந்தப் பாதி வரைக்கும் தூக்கி வந்தார்கள். அவளுடைய புருஷன் உங்கள் சபை ஒன்றுக்கு ஏற்கனவே மனுக் கொடுத்திருந்தவர். அவருக்குக் கிடைத்ததும் மேலே சொன்ன அதே பதில்தான்.

பதில் சொல்லும் எழுத்தர்மாரை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பதில் அவர்களுடையது இல்லை. இந்த நாடு பிரித்தானியரின் காலனியாக இருந்தபோது, பொதுப் பணத்தை எதற்குச் செலவழிப்பது, எதைத் தோட்டத்தின் தலையில் கட்டுவது என்று ஒரு கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்குத்தான் இன்னும் உங்கள் மேசைகளில் கிடக்கிறது. அதை எப்படி எழுதினார்கள் என்று பார்த்தால், இன்று "முடியாது" என்று சொல்வதற்கு எந்த நியாயமும் மிஞ்சாது.

முதலில் வீதிகளைப் பாருங்கள். கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டிப் பாதை போட்டவர் 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ். கன்னொறுவையில் சொந்தமாகவே கோப்பி பயிரிட்டவர் அவர். பாதை வெட்டியவர்கள் இராஜகாரிய முறையில் கட்டாயமாகப் பிடித்துவரப்பட்ட சிங்களக் குடியானவர்கள். இராஜகாரியம் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்டது. ஆனால் 1848-இல் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது: வயது வந்த ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பணமாகக் கட்ட வேண்டும் என்றது வீதிச் சட்டம். அதே ஆண்டு மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கான வீதிக்கு, கோப்பியில் ஒரு சதமும் காணாத கிராமத்தான் தன் உழைப்பைக் கொடுத்தான். உங்கள் சபைகளில் எங்களோடு பக்கத்தில் உட்காரும் சிங்கள உறுப்பினர்களின் பாட்டன் பூட்டன்மார் அவர்கள். நெல் வரியைக் கட்ட முடியாமல் 1880களில் வலப்பனைப் பக்கம் குடியானவர்களின் வயல்கள் ஏலம் போனதும் அவர்கள் குடும்பங்களில் தெரிந்த கதை. காலனியின் கணக்கில் அவர்களும் கொடுத்தவர்கள்தான், பெற்றவர்கள் இல்லை. அதனால் இந்த மடலை அவர்களுக்கு எதிரானதாக யாரும் வாசிக்கக் கூடாது.

பிறகு ரயில். தோட்டக்காரர்கள் வருடக்கணக்காக நச்சரித்துக் கேட்டதன் பேரில் 1858-இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிவைத்தார். தனியார் கம்பனி ஒன்று செய்யப்போவதாகச் சொல்லிச் செலவு எகிறியபோது அரசாங்கமே அதைப் பொறுப்பேற்றது. 1867-இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1874-இல் நாவலப்பிட்டி, 1885-இல் நானுஓயா, 1894-இல் பண்டாரவளை, 1924-இல் பதுளை. வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தால், தோட்டங்கள் எந்த எந்த மலைக்கு ஏறினவோ அந்த அந்த மலைக்கு அரசாங்கத்தின் தண்டவாளமும் பின்னாலேயே ஏறியது தெரியும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கத்தைக் குடைந்தது பொதுப் பணம். குடைந்த கைகளில் பெரும்பாலானவை எங்கள் கைகள். கீழே இறங்கின ரயிலில் கோப்பியும் பிறகு தேயிலையும் போயின. மேலே ஏறின ரயிலில் அரிசி வந்தது.

இவற்றையெல்லாம் விட உங்களுக்கு முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். 1860களிலிருந்து கிளை வீதிகளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பிரதான வீதியிலிருந்து பல தோட்டங்களை ஊடறுத்துப் போகும் பாதைக்குத் தோட்டத் துரைமார் பாதிச் செலவைப் போட்டால், மற்றப் பாதியை அரசாங்கம் போடும். டிக்கோயாவிலும் டிம்புளவிலும் நீங்கள் இன்று போய்வருகிற எத்தனையோ பாதைகள் இப்படிப் பிறந்தவை. தனியாருக்குச் சொந்தமான தோட்டம், தனியாரின் கோப்பி. ஆனாலும் பொதுப் பணம் அந்த எல்லைக்குள் போனது. "தோட்டத்துக்குள் அரசாங்கப் பணத்தைப் போட முடியாது" என்று அன்றைக்கு எந்த ஆளுநரும் சொல்லவில்லை. மூட்டை போவதற்குப் பாதை வேண்டும் என்றபோது தோட்டம் பொது இடமாக இருந்தது. ஆள் போவதற்குப் பாதை கேட்டபோதுதான் அது தனி இடமாகிவிட்டது.

அந்த மூட்டையைச் சுமந்த ஆட்கள் எப்படி வந்தார்கள்? ராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சேலம் ஜில்லாக்களிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக நடந்து வந்தார்கள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி மாத்தளை வரைக்கும் ஏறத்தாழ நூற்றைம்பது மைல். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களைப் புதைக்கவும் ஆள் இல்லாமல் விட்டுப் போனார்கள். கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1867-இல். ஆள் வரும் அந்த வடக்கு வழிக்குத் தலைமன்னார் வரை தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1914-இல், தனுஷ்கோடிக் கப்பலோடு சேர்த்து. கோப்பிக்கு ஒரு ரயில், ஆளுக்கு ஒரு ரயில், இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தேழு வருடம். இடையில் வீதியோரங்களில் சில கொட்டகைகளும் கிணறுகளும் வைத்தியசாலைகளும் அமைக்கப்பட்டன. ஆள்வரத்துக்காக ஆணைக்குழுவும் சட்டமும் வந்தன. அவற்றுக்குப் போன பணத்தையும் ரயிலுக்குப் போன பணத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

வருகிறவரின் செலவு வருகிறவர் தலையிலேயே விழுந்தது. வழிச்செலவுக்கு, ஆள் திரட்டி வந்து வேலை வாங்கிய கங்காணி கொடுத்த முன்பணம் தோட்டத்துக்கு வந்து சேரும்போதே கடனாகப் பற்றில் ஏறியிருக்கும். தோட்டம் மாற வேண்டுமென்றால் அந்தக் கடனை அடைத்தால் விடுவிப்போம் என்று எழுதிய துண்டு வேண்டும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். கடனை அடுத்த தோட்டம் வாங்கிக்கொள்ளும், ஆளும் கூடவே கைமாறுவார். 1900களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த ஒரு சிறு தகரத் தகடு, நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தத் தகட்டைக் காட்டினால் வழியில் யாரும் காசு கேட்க மாட்டார்கள். ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவை அரசாங்கம் முதலில் கொடுத்து, தகட்டில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்து அந்தத் தோட்டத்திடம் வாங்கிக்கொள்ளும். தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கில் எழுதும். கங்காணி அந்த ஆளின் பற்றில் எழுதுவான். துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921-இல். இந்தியா குடிபெயர்வுச் சட்டத்தைக் கொண்டுவந்து நெருக்கிய பிறகுதான், 1923-இல், தோட்டங்களிடம் அறவிட்ட நிதியிலிருந்து ஆள் வருவிக்கும் செலவைக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ஏறத்தாழ நூறு வருடங்கள், இந்த நாட்டின் மிகப் பெரிய ஆள்வரத்துக்கான செலவைக் கடைசியில் ஏற்றவர்கள் வந்தவர்களே.

நாங்கள் வரி கட்டாதவர்கள் என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். சபைக் கூட்டங்களிலும் அது பேசப்படுகிறது என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் சொல்கிறேன். தோட்டத்து ஆட்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த அரிசி. அந்த அரிசிக்குத் துறைமுகத்தில் சுங்க வரி இருந்தது, காலனி அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் அதுவும் ஒன்று. தோட்டத்தில் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு நாளும் உலையில் போட்ட அரிசியோடு எங்கள் பாட்டிமார் திறைசேரிக்கு வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தத் திறைசேரிதான் ரயில் போட்டது, கிளை வீதிக்குப் பாதிப் பணம் கொடுத்தது. அதே திறைசேரியிடம் ஆஸ்பத்திரி என்று கேட்டபோது, 1872-இல் மருத்துவத் தேவைகள் சட்டம் என்று ஒன்றை இயற்றி, அதற்கான செலவைத் தோட்டங்களிடம் வரியாக வாங்கினார்கள். பள்ளிக்கூடம் என்று கேட்டபோது அதுவும் தோட்டத்தின் பொறுப்பு. அந்தப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பெருமளவில் எடுத்துக்கொண்டது 1970களில்தான். அங்கே படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அரசாங்கம் எடுத்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் உயர்தரம் என்ற சொல்லைத் தமக்குரியதாகக் கேட்டார்கள். பொதுப் பணம் எல்லைக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

1948-இல் எங்கள் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 8,25,000 பேரை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்து, மற்ற 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. நாடற்றவன் எந்தச் சபையிடம் போய் வீதி கேட்பான்? மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க ஒரு சட்டம் 2003-இலும் வர வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1987-இல் நிறைவேறிய பிரதேச சபைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்ட எல்லைக்குள் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. எங்கள் வாக்கு சபையைத் தெரிவு செய்யும், சபையின் பணம் எங்கள் வாசலுக்கு வராது. முப்பது வருடங்களுக்கு மேல் இப்படித்தான் நடந்தது. 2018-இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

திருத்தப்பட்டது என்பதை அழுத்திச் சொல்கிறேன். தோட்டத்துக்குள் வீதி, கிணறு, பொது வசதிகள் என்று செலவு செய்ய இன்று உங்களுக்கு வழி இருக்கிறது. கம்பனியோடு பேச வேண்டியிருக்கும், அனுமதிகள் பெற வேண்டியிருக்கும். அது வேலை கூடுதல் என்பதற்கான காரணமே தவிர, "முடியாது" என்பதற்கான காரணம் இல்லை. காணி கம்பனிக்குச் சொந்தம் என்ற பேச்சும் நிற்காது. 1972-லும் 1975-லும் வந்த காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுக்கு வந்துவிட்டன. 1992-க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிகளிடம் இருப்பது குத்தகை. குத்தகை முடிந்தாலும் காணி அரசாங்கத்துடையதுதான், அந்தக் காணியில் இருக்கும் பாதையும் அரசாங்கத்துடையதுதான். தனியார் தோட்டத்துக்குள் வெள்ளைக்கார ஆளுநர் பாதிப் பணம் போட்டார். அரச காணிக்குள் நம்முடைய சபை போடத் தயங்குவதை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

வீடு, கட்டடங்களுக்குச் சபை வாங்கும் சோலை வரி வராத இடத்தில் எப்படிச் செலவழிப்பது என்று கேட்பீர்கள். லயக் காம்பராவுக்குக் காணி உறுதி இல்லை, உறுதி இல்லாததற்குச் சோலை வரி இல்லை. அந்த உறுதியைத் தராமல் வைத்திருப்பது நாங்கள் இல்லையே. தவிரவும், உங்கள் வருமானம் சோலை வரி மட்டும் இல்லை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ, மஸ்கெலியாப் பக்கத்துக் கடைகள் யாருடைய சம்பள நாளை நம்பித் திறந்திருக்கின்றன? அந்தப் பக்கங்களில் உங்கள் எல்லைக்குள் இருக்கும் கடைகளின் அனுமதிக் கட்டணமும், சந்தைக் குத்தகையும் உங்களுக்கு வருகின்றன. தோட்டங்கள் மீதே ஏக்கர் வரி அறவிடும் அதிகாரமும் உங்களுக்கு இருக்கிறது. அந்த வரி மிகச் சிறிய தொகையாக இருப்பதை உயர்த்தக் கேட்டு நீங்கள் மாகாண சபைக்கும் அமைச்சுக்கும் எழுதினால், நாங்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கித் தருகிறோம்.

இன்னொன்று. சபையின் பேரேட்டில் பாதை இல்லாததால் எங்கள் பக்கத்தில் ரோடு எல்லாம் பரிசாகவே வருகிறது. தேர்தல் நெருங்கும்போது கோயிலுக்கு முன்னால் ஐம்பது மீட்டர் கொங்கிரீட். பக்கத்தில் கொடுத்தவரின் படத்தோடு பெயர்ப்பலகை. அடுத்த தேர்தலுக்கு இன்னொருவரின் ஐம்பது மீட்டர், வேறு இடத்தில். இரண்டுக்கும் நடுவில் பள்ளம். பராமரிப்பு யாருடைய பொறுப்பும் இல்லை, ஏனென்றால் பரிசு கொடுத்தவர் பராமரிக்க வருவதில்லை. சனங்கள் அதற்கு நன்றி சொல்லி மாலை போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. சிங்கமலையைக் குடைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஐம்பது மீட்டர் கொங்கிரீட்டுக்கு மாலை போட வேண்டியதில்லை.

கிராமத்தில் இப்படி இல்லையா என்று கேட்டால், அங்கும் இருக்கிறது. ஆனால் கிராமத்துப் பாதைக்குச் சபைப் பதிவேட்டில் ஓர் இலக்கம் இருக்கிறது. இந்த வருடம் செய்யாவிட்டால் அடுத்த வருடம் அதைக் காட்டிக் கேட்கலாம். எங்களுக்குக் காட்டிக் கேட்க இலக்கம் இல்லை.

ஆகையால் இந்தப் பாதீட்டில் நான் உங்களிடம் முதலில் கேட்பது பணம்கூட இல்லை, பதிவு. உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு டிவிஷனிலும், பிரதான வீதியிலிருந்து லயம் வரைக்கும் போகும் பாதையை அளந்து, பெயரும் நீளமும் எழுதி, சபையின் வீதிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வர்த்தமானியில் வெளியிடுவதற்கு வேண்டிய வேலையைத் தொடங்குங்கள். கம்பனிகளுக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால், எந்தக் கம்பனி பதில் தரவில்லை என்பதைச் சபைக் கூட்டத்தில் வாசித்து அறிக்கையில் பதியுங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் பாதைகளின் பெயரும் வரலாறும் தெரிந்த பழைய கங்காணிமாரும் ஓய்வுபெற்றவர்களும் இருக்கிறார்கள். அளக்க ஆள் இல்லை என்றால் அவர்களையும் எங்கள் இளைஞர்களையும் கூப்பிடுங்கள்.

பிறகு பணம். சபையின் வீதி ஒதுக்கீட்டைச் சனத்தொகைக்கு ஏற்பப் பிரித்து, தோட்டக் குடியிருப்புகளுக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவு, கிராமத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பாதீட்டில் காட்டுங்கள். குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதிக் காட்டுங்கள். தெருவிளக்கும் குப்பை வண்டியும் வடிகாலும் அதோடு சேர்ந்து வரட்டும். லயத்து வாசலில் ஓடும் கானைச் சுத்தம் செய்வது யார் வேலை என்று கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை கிழடாகிவிட்டது.

உறுப்பினர்களில் யாராவது 33-ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தால், 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தை அதே கூட்டத்தில் மூன்று மொழிகளிலும் வாசிக்கச் சொல்லுங்கள். செயலாளர்மாருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்மாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடங்களும் இருக்கின்றன என்பதை மனுக் கொடுத்தவர்களிடம் கேட்டு அறிந்தேன்.

பாதீட்டுக் கூட்டம் நடக்கும் நாளில் பார்வையாளர் இடத்தில் இருக்க நாங்கள் சிலர் அனுமதி கேட்டு எழுதப் போகிறோம். எங்கள் டிவிஷன்களின் பாதைப் பட்டியலையும் கையில் கொண்டுவருவோம். அதைப் பெற்றுக்கொண்டு, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.